றோஸ்மலருக்கு அம்பிஷன் வந்த விதம்

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹார்க்கோட் அண்ட் பெல் சலவை நிறுவனம் தன் தொழிலாளர்களின் சம்பளத்தை இருந்த இடத்திலேயே நிறுத்தியது. மேற்பார்வையாளர் பதவிகளை ஒழித்தது. தேநீர் இடைவேளையைப் பாதியாக வெட்டியது. இவ்வளவும் செய்த பிறகும் தொழிலாளர்கள் உற்சாகமாக இல்லை என்பதை நிர்வாகம் கவலையோடு கவனித்தது. ஆராய்ந்து பார்த்ததில் அவர்களிடம் மேலே போகும் ஆசை, அதாவது அம்பிஷன், இல்லை என்பது தெரியவந்தது. எனவே அதை வளர்ப்பதற்கென்று மூன்று பேர் கொண்ட ஒரு பிரிவு, நல்ல சம்பளத்தில், ஆரம்பிக்கப்பட்டது.

ஆலை தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்துக்கும் குறொய்டனுக்கும் இடையில், ரயில் பாதையின் பின்பக்கம் இருந்தது. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் ஆஸ்பத்திரித் துவாய்களும் அழுக்காக உள்ளே வந்து வெள்ளையாக வெளியே போகும். றோஸ்மலர் அங்கே மடிப்புப் பகுதியில் வேலை செய்தாள். மன்னார்க்காரி. பாரிசில் ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கிக் காலம் தள்ளிவிட்டு, பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கட்டும் என்று கணவன் எட்வேட்டோடு நோர்பரிக்கு வந்தவள். பெரிய விரிப்பு ஒன்றை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவளுக்கு எதிரே நின்று மற்ற இரண்டு முனைகளைப் பிடிப்பவர் சிவனேஸ்வரி அக்கா. வருடக்கணக்காக இருவரும் விரிப்பின் இரண்டு கரைகளில் நின்று கதைத்துக்கொண்டே ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, முனைகளைச் சேர்த்து, திரும்பி விலகி நடந்து வந்தார்கள். அவர்கள் கதைக்காத விஷயம் எதுவும் உலகத்தில் மிச்சம் இல்லை.

அம்பிஷன் பிரிவைத் தொடங்கிவைத்து ஆலையின் முகாமையாளர் மிஸ்டர் கிரான்டன் கன்ரீனில் பேசினார்.

“நண்பர்களே, பதவி உயர்வு கிடைக்கிற இடத்தில் யார் வேண்டுமானாலும் அம்பிஷனோடு இருக்கலாம். அதில் என்ன பெருமை? பதவி உயர்வே இல்லாத இடத்தில் அம்பிஷனோடு இருப்பதுதான் உண்மையான குணம். அந்த வாய்ப்பை உங்களுக்கு ஏற்படுத்திக் கொடுக்க நிர்வாகம் மிகவும் பாடுபட்டிருக்கிறது.”

“என்னவாம்?” என்று சிவனேஸ்வரி அக்கா காதுக்குள் கேட்டார்.

“மேல போக ஏலாதாம். ஆனா போக ஆசைப்படட்டாம்.”

“ஆசைப்பட்டா?”

“ஆசைப்பட்டுக்கொண்டு இஞ்சயே நிக்கட்டாம்.”

பிரிவின் தலைவி ஒரு தமிழ்ப் பெண். பெயர் ஜெயகௌரி. அலுவலகத்தில் ‘ஜே’. சட்டனில் வீடு, இரண்டு பட்டங்கள், எந்த நேரமும் கையில் ஒரு மூடி போட்ட கோப்பிக் கோப்பை. தொழிலாளர்களோடு இங்கிலிஷில்தான் பேசுவாள். தமிழ் அவளுக்கு நன்றாக வரும். ஆனால் கெட்ட செய்தி சொல்வதற்கு மட்டும் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். அவள் “அன்ரி” என்று வாய் திறந்தால் ஒருவருடைய ஷிப்ட் மாறிவிட்டது என்று அர்த்தம்.

ஜூன் மாதம் நேர்முகங்கள் நடந்தன. ஒவ்வொருவருடைய அம்பிஷனையும் அளந்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பட்ஜ் கொடுப்பார்கள்.

“ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே காண்கிறீர்கள்?” என்று ஜெயகௌரி இங்கிலிஷில் கேட்டாள்.

றோஸ்மலர் யோசித்தாள். “நோர்பரி.”

“வேலையில்?”

“மடிப்பில்.”

“அதே இடத்திலா?”

“ஜன்னல் பக்கம் கிடைத்தால் நல்லது.”

ஜெயகௌரி பேனையைக் கீழே வைத்துவிட்டு, பொறுமையை முகத்தில் வரவழைத்துக்கொண்டாள். “சரி. இந்த வருடம் நீங்கள் மிக அதிகமாக ஆசைப்பட்ட ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். மனதின் அடியிலிருந்து.”

றோஸ்மலரின் தம்பி றொனால்ட், மனைவி பிள்ளைகளோடு போர் முடிந்த மே மாதத்திலிருந்து வவுனியா அகதி முகாமில் முட்கம்பிக்குள் இருந்தான். உயிரோடு இருக்கிறான் என்ற தகவல் வரும்வரை அவள் ஒவ்வொரு நாளும் வேலை முடிய நேரே பாராளுமன்றச் சதுக்கத்துக்குப் போய் ஆர்ப்பாட்டக் கூட்டத்தோடு நின்று கத்திவிட்டு வந்தாள். தகவல் வந்த பிறகு அவன் கம்பியைத் தாண்டி வெளியே வரவேண்டும் என்பதைத் தவிர அவள் வேறு எதையும் நினைக்கவில்லை. அதை, மூடி போட்ட கோப்பியோடு எதிரே இருக்கும் ஒருத்திக்கு எந்த இங்கிலிஷில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“எதுவும் இல்லை,” என்று ஜெயகௌரி தானே சொல்லிக்கொண்டு சிவப்புப் பட்ஜை எடுத்து நீட்டினாள்.

சிவனேஸ்வரி அக்காவுக்கு இங்கிலிஷ் அவ்வளவாக வராது. அவர் சுருக்கமாக இரண்டு விஷயம் சொன்னார். பென்ஷன் எடுக்க வேண்டும். முழங்கால் நல்லாக இருக்க வேண்டும். ஜெயகௌரியின் கண்கள் விரிந்தன. தெளிவான இலக்கு, கால எல்லை உள்ள இலக்கு என்று பாராட்டினாள். மடிப்புப் பகுதியிலேயே பச்சைப் பட்ஜ் கிடைத்த ஒரே ஆள் சிவனேஸ்வரி அக்காதான். அதை வெளிக்கோட்டிலும் குத்திக்கொண்டு பஸ்ஸில் போனார்.

பிறகு ஏணி வந்தது. அம்பிஷனின் சின்னமாக, வாசல் மண்டபத்தில் கூரையைத் தொடுகிற அளவுக்கு ஓர் அலுமினிய ஏணியை நிறுத்தினார்கள். தொழிலாளர்கள் உள்ளே வரும்போது அதில் ஒரு படி ஏறி இறங்கிவிட்டுப் போக வேண்டும் என்பது திட்டம். இரண்டாம் நாளே பாதுகாப்பு அதிகாரி வந்து, ஏணி என்றால் விழுவார்கள் என்று சொல்லி, சுற்றிவரச் சிவப்பு நாடா கட்டி, ‘ஏறுதல் தடை’ என்று பலகை மாட்டினார். ஏணியை எடுத்துவிட்டால் அம்பிஷன் குறையும். நாடாவை எடுத்துவிட்டால் காப்புறுதி குறையும். நீண்ட கூட்டத்துக்குப் பின், ஏணியின் அடியில் நின்று மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனால் போதும் என்று முடிவாயிற்று. ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் வாசலில் ஆட்கள் வரிசையாகக் கழுத்தை மடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்து நிற்பார்கள். முதல் தடவை வந்த ஒரு லொறி டிரைவர் கூரை ஒழுகுகிறதாக்கும் என்று நினைத்து அவரும் பார்த்தார்.

ஓகஸ்ட் மாதம் ‘பசி நாள்’ கொண்டாடப்பட்டது. வெற்றிக்குப் பசித்திருக்க வேண்டும் என்று மிஸ்டர் கிரான்டன் எங்கேயோ கேட்டுவிட்டு வந்திருந்தார். அன்றைக்குக் கன்ரீன் பூட்டப்பட்டது. தொழிலாளர்கள் கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டிகள் வாசலில் வாங்கி வைக்கப்பட்டன. பின்னேரம் மிஸ்டர் கிரான்டன் சலவை மெஷின்களின் நடுவே வந்து நின்று, “இப்போது உங்களுக்கு ஏதாவது உள்ளே எரிகிறதா?” என்று கேட்டார். எல்லாரும் எரிகிறது என்றார்கள். “அதுதான் அம்பிஷன்,” என்றார் அவர். அவருடைய வாய் ஓரத்தில் மயோனீஸ் இருந்தது.

அதே மாதம்தான் ‘கதிரை நாள்’ என்பதையும் அறிவித்தார்கள். மாதம் ஒருமுறை, யாருடைய அம்பிஷன் அதிகம் வளர்ந்திருக்கிறதோ அவர் ஒரு காலைப்பொழுது முகாமையாளரின் கதிரையில் உட்கார்ந்திருக்கலாம். அந்த நேரத்தில் ஆலைக்கு அவர்தான் தலைவர். யாரும் குறுக்கே பேசக்கூடாது. அவர் எடுக்கும் முடிவை நிறுவனம் நிறைவேற்றும். நிறுவனத்தின் மாதப் பத்திரிகையில் மிஸ்டர் கிரான்டன் தன் படத்தோடு இந்த வாக்குறுதியை வெளியிட்டார். முதலில் இருந்த போலந்துக்காரர் கன்ரீனுக்குச் சொக்லற் பிஸ்கற் வேண்டும் என்று முடிவெடுத்தார். அடுத்து இருந்த கானா நாட்டுப் பெண், ஏணி தள்ளுவண்டிகளுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்றார். ஏணி ஒரு முழம் தள்ளி வைக்கப்பட்டது. படம் எடுத்தார்கள்.

செப்டம்பர் கடைசியில் சிவனேஸ்வரி அக்காவைக் கன்ரீனுக்கு அழைத்தார்கள். மேசையில் ஒரு கேக் இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அவருக்குப் பிறந்தநாள் தை மாதத்தில். இருந்தாலும் மறுத்துச் சொல்வது மரியாதை இல்லை என்று கத்தியை வாங்கிக் கேக்கை வெட்டி, முதல் துண்டை மிஸ்டர் கிரான்டனுக்கே கொடுத்தார்.

மிஸ்டர் கிரான்டன் அதைச் சாப்பிட்டுக்கொண்டே பேசினார். “இன்று நம் பிரிவின் முதல் வெற்றி. பொதுவாக நிறுவனங்கள் தொழிலாளியின் கனவை நசுக்கும். நாங்கள் அப்படி இல்லை. இந்தச் சகோதரி ஓய்வு பெற வேண்டும் என்று கனவு கண்டார். அவர் இன்னும் சில வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. நாங்கள் காக்க வைக்கவில்லை. இன்றே நிறைவேற்றிவிட்டோம். சொல்லப்போனால் எங்களுக்கும் ஒரு ஆளைக் குறைக்க வேண்டிய தேவை இருந்தது. இரண்டு தரப்பின் அம்பிஷனும் ஒரே நேரத்தில் நிறைவேறுவது எவ்வளவு அபூர்வம்!”

சிவனேஸ்வரி அக்கா வாயில் கேக்கோடு சிரித்துக்கொண்டு நின்றார். அப்போது ஜெயகௌரி அவர் பக்கத்தில் வந்து, தோளில் கை வைத்து, “அன்ரி...” என்றாள். அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

அடுத்த நாள் மடிப்பு மேசையில் விரிப்பின் மறுபக்கம் ஆள் இல்லை. றோஸ்மலர் இரண்டு முனைகளைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவற்றை நிலத்தில் போட்டுவிட்டு நேரே மேல்மாடிக்கு, ஜெயகௌரியின் அறைக்குப் போனாள்.

“பிள்ளை, அந்த மனுசி உமக்கு என்ன செய்தது?”

ஜெயகௌரி கதவைச் சாத்தினாள். “அன்ரி, என்னைக் கோபிக்காதையுங்கோ. அது நான் இல்லை. மாசக் கடைசி வெள்ளியில பேர்மிங்ஹாம் ஹெட் ஒஃபிசில இருந்து கோல் வரும். கிரான்டன்ட ரூமில, அவற்ற மேசை போனுக்கு. இந்த மாசம் ஆரைக் குறைக்கலாம் எண்டு கேப்பினம். கதிரையில இருக்கிறவர் ஒரு பேர் சொல்லோணும். அவ்வளவுதான். சொல்லாட்டி அவரைப் பிழையா நினைப்பினம்.”

“பேரை ஆர் குடுத்தது?”

“நாங்கள் ஒரு சிபாரிசு... அன்ரி, அவவின்ர புறொஃபைல் அப்பிடி. அவவே வாயால சொன்னவ.”

“அப்ப அந்தக் கதிரையில ஆர் இருந்து சொன்னாலும் கேப்பினமோ?”

“ஆர் இருந்தாலும். பேர்மிங்ஹாமில இருக்கிறவருக்கு எங்களை ஒருத்தரையும் தெரியாது. அதாலதான் சொல்லுறன், இதில தனிப்பட்ட விரோதம் ஒண்டும் இல்லை.”

றோஸ்மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கும் அம்பிஷன் வேணும் பிள்ளை,” என்றாள்.

ஜெயகௌரிக்கு மெய் சிலிர்த்தது. ஓர் இழப்பு ஒரு மனிதரை எப்படி உயர்த்துகிறது என்று அன்றைக்கே ஒரு குறிப்பு எழுதி மிஸ்டர் கிரான்டனுக்கு அனுப்பினாள்.

ஒக்டோபர் முழுவதும் றோஸ்மலரின் அம்பிஷன் வளர்ந்த வேகத்தைப் பார்த்து ஆலை திகைத்தது. ஏணியடியில் மற்றவர்கள் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்தால், அவள் பின்னால் வரிசை நீளும்வரை பார்த்தாள். மிஸ்டர் கிரான்டன் பேசும்போது முதல் கைதட்டு அவளுடையது. கடைசிக் கைதட்டும் அவளுடையது. “நான் இன்னும் மேலே இருக்க வேண்டியவள்,” என்று ஒரு காலைக் கூட்டத்தில் எழும்பிச் சொன்னாள். சிவப்பு மஞ்சளானது. பசி நாளை வருடத்துக்கு ஒருமுறை வைப்பது போதாது, வாரம் ஒருமுறை வைக்க வேண்டும் என்று எழுந்து கேட்டாள். மஞ்சள் பச்சையானது. மடிப்புப் பகுதிப் பெண்கள் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். அவளுடைய தேநீர்க் கோப்பைக்குள் யாரோ சலவைத் தூள் போட்டு வைத்தார்கள். அவள் அதைக் கழுவிவிட்டு, மறுபடியும் கைதட்டப் போனாள்.

வீட்டில் எட்வேட் பெற்றோல் நிலைய வேலை முடிந்து வந்து பார்த்தபோது அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள்.

“என்னப்பா, தனிய நிண்டு கைதட்டுறீர்?”

“பழகிறன்.”

“என்னத்துக்கு?”

“ரெண்டு பேருக்குக் குழி வெட்ட.”

எட்வேட் சப்பாத்தைக் கழற்றினான். மன்னாரில் அவள் வீட்டுப் பெண்களைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் தெரியும். “சாப்பாடு இருக்கோ?” என்று மட்டும் கேட்டான். ஞாயிறு பூசையில், பிறர் செய்த குற்றத்தைப் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லும் இடம் வந்தபோது அவள் இருமியதையும் அவன் கவனித்தான். பேசாமல் ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினான்.

கதிரை நாளுக்கு அவளையே தெரிந்தெடுத்தார்கள். எந்த நாள் வசதி என்று ஜெயகௌரி கேட்டாள். “மாசக் கடைசி வெள்ளி,” என்றாள் றோஸ்மலர். வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று நம்புகிறவளாக்கும் என்று ஜெயகௌரி நினைத்தாள்.

அன்று காலை மிஸ்டர் கிரான்டன் அவளைத் தன் கதிரையில் இருத்தி, கைகொடுத்து, பத்திரிகைக்குப் படம் எடுக்க நின்றார். “இப்போது நீங்கள்தான் நான்,” என்று கமராவைப் பார்த்துச் சொன்னார். “உங்கள் முடிவு என்ன?”

“என் முடிவு,” என்றாள் றோஸ்மலர், “மத்தியானம்வரை இந்த அறைக்குள் யாரும் வரக்கூடாது. அம்பிஷனுக்குத் தனிமை வேண்டும்.”

படம் பிடிப்பவர் இது நல்ல வசனம் என்று எழுதிக்கொண்டார். மிஸ்டர் கிரான்டன் சிரித்தார். பிறகு, தான் வழமையாக அந்த நேரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பை எடுப்பது நினைவுக்கு வந்து, சிரிப்பைக் கொஞ்சம் குறைத்தார். “அந்த ஒரு அழைப்புக்கு மட்டும் நான்...” என்று ஆரம்பித்தார்.

“குறுக்கே பேசக்கூடாது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்,” என்று படம் பிடிப்பவர் உற்சாகமாகச் சொன்னார். அவர் வெளியிலிருந்து வந்தவர். எல்லாவற்றையும் வாசித்துவிட்டு வந்திருந்தார்.

கதவு சாத்தப்பட்டது. ஜெயகௌரி தன் கைப்படவே ‘உள்ளே அம்பிஷன், தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்று எழுதி ஒட்டினாள். மிஸ்டர் கிரான்டன் தன்னுடைய கதவுக்கு வெளியே, தன்னுடைய கோப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். படம் பிடிப்பவர் அதையும் ஒரு படம் எடுத்தார்.

தொலைபேசி அடித்தது.

“கெனத் ஹால்ஸ்டெட் பேசுகிறேன், பேர்மிங்ஹாம், செலவுக் கட்டுப்பாடு,” என்றது ஒரு குரல். “முகாமையாளரின் கதிரைதானே?”

“ஓம்... யெஸ். கதிரை.”

“நல்லது. குரல் மாறியிருக்கிறது, தடிமன் பிடித்திருக்கும். நான் ஆட்களை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அது ஒரு கொள்கை. ஆட்களைத் தெரிந்துவிட்டால் அவர்களுக்கு அநியாயம் செய்துவிடுவோமோ என்று பயம் வந்துவிடும். தெரியாவிட்டால் எல்லாருக்கும் சமமாக நடக்கலாம். இந்த மாதம் உங்களிடமிருந்து ஒரு பெயர் போதாது. ஒரு பிரிவே வேண்டும். எது இல்லாமல் ஆலை ஓடும்?”

“அம்பிஷன் பிரிவு.”

தட்டச்சுச் சத்தம் கேட்டது. “அவர்கள் என்ன செய்கிறார்கள்?”

“எங்களுக்கு அம்பிஷன் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.”

“இருக்கிறதா?”

றோஸ்மலர் மேசையின் மேல் இருந்த வெண்கலப் பேனைத் தாங்கியையும், கண்ணாடிக் கதவின் மறுபக்கம் ஆடுகிற மிஸ்டர் கிரான்டனின் நிழலையும் பார்த்தாள். “எனக்கு நிறைய இருக்கிறது,” என்றாள்.

“அப்படியானால் அவர்களுடைய வேலை முடிந்துவிட்டது,” என்றார் ஹால்ஸ்டெட். “எத்தனை பேர்?”

“மூன்று பேர். பெரிய சம்பளம்.”

“பெரிய சம்பளமா?” குரலில் முதன்முறையாக உயிர் வந்தது. “மற்ற ஆலைகளில் எனக்கு எப்போதும் துடைக்கிறவர்களையும் மடிக்கிறவர்களையும்தான் தருகிறார்கள். எத்தனை பேரை வெட்டினாலும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. நீங்கள் துணிச்சலான ஆள். இன்னும் ஒன்று கேட்கலாமா? முகாமையாளர் பதவியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? பொதுவாக முகாமையாளர்கள் இந்தக் கேள்விக்கு ஒளிவுமறைவாகப் பதில் சொல்வார்கள்.”

கதவு தட்டப்பட்டது. “றோஸ்! றோஸ், அது என் அழைப்பா?” என்று கெஞ்சுகிற குரல் கேட்டது.

“ஒரு நிமிடம், முடிவெடுத்துக்கொண்டிருக்கிறேன்,” என்று அவள் கதவைப் பார்த்துச் சொன்னாள். பிறகு எழுந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே லொறிகள் வெள்ளை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

“முகாமையாளர் காலையிலிருந்து வெளியே நிற்கிறார்,” என்றாள் ரிசீவருக்குள். “ஆலை ஓடுகிறது.”

தட்டச்சுச் சத்தம் நீண்ட நேரம் கேட்டது. இருக்கும் எழுத்துகள் போதாது என்று விசைப்பலகையில் வேறு எழுத்துகளையும் தேடி அடிப்பது போல இருந்தது.

இரண்டு வாரத்துக்குள் காரியங்கள் முடிந்தன. மிஸ்டர் கிரான்டன் பேர்மிங்ஹாமுக்கு ஓடிப்போய், கதிரையில் இருந்தது தான் இல்லை என்று விளக்கினார். கதிரையில் இருப்பவரின் முடிவை நிறைவேற்றுவதாகப் படத்தோடு வாக்குறுதி கொடுத்தது யார் என்று கேட்டார்கள். அவர்தான். கதிரையில் அவர் இல்லாமல் ஒரு காலைப்பொழுது ஆலை ஓடியதா என்று கேட்டார்கள். அதுவும் ஓடியது. நாற்பத்தேழு வயதில் அவருடைய எதிர்காலம் அகன்று திறந்திருப்பதாகச் சொல்லி, வாசல்வரை கூட்டிவந்து விட்டார்கள்.

ஜெயகௌரி தன் பொருட்களை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் றோஸ்மலருக்காகக் காத்து நின்றாள். கண் மை கரைந்திருந்தது.

“அன்ரி, நான் உங்களுக்கு என்ன குறை வைச்சனான்? பச்சை பட்ஜ் தந்தனான். போனகிழமைதான் புது வீட்டுக்கு மோட்கேஜ் சைன் பண்ணினனான். ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?”

“அது நான் இல்லை, பிள்ளை,” என்றாள் றோஸ்மலர். “கதிரை.”

“அன்ரி...”

“இதில தனிப்பட்ட விரோதம் ஒண்டும் இல்லை.” பிறகு, பொய் சொல்வது பிடிக்காமல், “இருக்கு,” என்றாள். “நிறைய இருக்கு. அந்த மனுசியின்ர வாயில கேக்கைத் தீத்திப்போட்டுத்தானே சொன்னனீங்கள்?”

பஸ்ஸில் ஏறி இருந்து, இரக்கம் வருகிறதா என்று தனக்குள் பார்த்தாள். நோர்பரி வரும்வரை காத்துப் பார்த்தாள். வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை தோர்ண்டன் ஹீத்தில் சிவனேஸ்வரி அக்காவின் வீட்டுக்குப் போனாள். பேர்மிங்ஹாமோடு பேசி அக்காவின் வேலையைத் திருப்பி எடுத்துவைத்திருந்தாள். நாலு பெரிய சம்பளம் போன இடத்தில் ஒரு மடிப்புச் சம்பளம் அவர்களுக்குத் தூசி. முழுக் கதையையும் சொன்னாள். சிவனேஸ்வரி அக்கா சோபாவில் சரிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிரான்டன் கதவைத் தட்டிய இடத்தை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

“திங்கள்ல இருந்து வாங்கோ அக்கா. உங்கட இடம் அப்பிடியே இருக்கு.”

“நான் வரேல்லையடி.”

“என்னது?”

“முதல் கிழமை அழுதனான். ரெண்டாம் கிழமையும் அழுதனான். பிறகு ஒருநாள் படியால இறங்கேக்க பாக்கிறன், முழங்கால் நோகேல்லை. அந்த ஈரச் சீமெந்தில நிண்டு நிண்டு வந்த நோவு. இப்ப பேரப்பிள்ளையை நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போறன். நானும் இறங்கிறன் தண்ணிக்குள்ள. சத்தியமா, எனக்கு அங்க வர விருப்பமில்லை.”

றோஸ்மலருக்குக் கோபம் தலைக்கேறியது. “உங்களுக்காக நான் ஒரு மாசம் அந்த விசரன் கதைச்சதுக்கெல்லாம் கைதட்டினனான்! ஒரு சனம் என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை!”

“ஆர் தட்டச் சொன்னது?” என்று கேட்டுவிட்டு, சிவனேஸ்வரி அக்கா அவளுடைய கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். “இரு, ரோல் பொரிக்கிறன். திண்டுட்டுக் கோபப்படு.”

ஆலைக்குப் புது முகாமையாளரைப் போடவில்லை. போடாமலேயே ஓடுவது கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆனால் கதிரை மட்டும் இருந்தது. மாதக் கடைசி நெருங்க, பேர்மிங்ஹாமிலிருந்து றோஸ்மலருக்குத் தகவல் வந்தது. சென்ற மாதம் மிகச் சிறப்பாகப் பெயர் சொன்னவர் என்பதால் இந்த மாதமும் அவரே கதிரையில் இருக்க வேண்டும். இதற்காகச் சம்பளம் உயராது. ஆனால் அம்பிஷன் உள்ளவர் அதை எதிர்பார்க்க மாட்டார் என்று நிறுவனம் நம்புகிறது.

செய்தி மடிப்புப் பகுதிக்குப் பரவியது. அவளோடு பேசாமல் இருந்தவர்கள் பேசத் தொடங்கினார்கள். ஒருத்தி அவளுக்கு ஜன்னல் பக்கத்து மேசையை விட்டுக்கொடுத்தாள். ஒருத்தி வீட்டிலிருந்து வாழைப்பழக் கேக் கொண்டுவந்தாள். தன் புருசனுக்கு வேலை இல்லை என்று போலந்துக்காரி ஒருத்தி, கேட்காமலேயே, கழிப்பறை வாசலில் நின்று சொன்னாள். றோஸ்மலருக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. யாரையும் பார்க்காமல் விரிப்புகளை மடித்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் மேலே போய்க் கதிரையில் இருந்தாள். ஜன்னலால் பார்த்தபோது, லொறியடியில் பெண்கள் மூட்டைகளை வைத்துவிட்டு மேலே நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏணியை அவர்கள் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

தொலைபேசி அடித்தது.

“கெனத் ஹால்ஸ்டெட் பேசுகிறேன், பேர்மிங்ஹாம், செலவுக் கட்டுப்பாடு. கதிரைதானே?”

“கதிரைதான்.”

“சென்ற மாதம் அருமை. என் மேலதிகாரிகள் உங்கள் பரிந்துரையை இனி எந்தக் கேள்வியும் கேட்காமல் அப்படியே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். இந்த மாதம் ஒரே ஒரு பெயர் போதும். எந்த ஆலையில் என்றாலும் சரி, எவ்வளவு பெரிய பதவி என்றாலும் சரி, எனக்குக் கவலை இல்லை. அந்த ஆள் இல்லாவிட்டாலும் எங்கேயும் ஒரு விரிப்புக்கூட அழுக்காகக் கிடக்கக்கூடாது. அப்படி ஒருவர் இருக்கிறாரா?”

“இருக்கிறார்.”

“சொல்லுங்கள். அடிக்கிறேன்.”

றோஸ்மலர் ரிசீவரை வாய்க்கு அருகே பிடித்து, ஆறுதலாக, ஒவ்வொரு எழுத்தும் விளங்கும்படி சொன்னாள்.

“கெனத் ஹால்ஸ்டெட்.”

தட்டச்சுச் சத்தம் வேகமாகத் தொடங்கியது. முதல் பெயர் முடிந்தது. இரண்டாவது பெயரின் நடுவில் அது மெதுவாகி, ஒரு எழுத்து, இன்னொரு எழுத்து, பிறகு நின்றது. பேர்மிங்ஹாமில் யாரோ மூச்சு விடுவது லண்டன்வரை கேட்டது.

அவள் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“எழுத்துக் கூட்டிச் சொல்லவா?” என்று கேட்டாள்.